லோமுவை எங்கே பிடிப்பது?

என் தங்கை மகன் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறான். கபடி ஆடுகிறான், நேரம் மிஞ்சினால் படிக்கிறான் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். இடது கார்னர். ரைடு வருகிறவனின் கணுக்காலைப் பிடித்து உட்கார வைப்பதுதான் அவன் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுக்கு என் போனில் ஒரு பழைய ரக்பிக் காட்சியைக் காட்டினேன்.

1995 ஜூன் 18. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்தும் இங்கிலாந்தும். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடம்தான் ஆகியிருக்கும். கறுப்புச் சட்டை போட்ட இருபது வயதுப் பையன் ஒருவன் இடது ஓரத்தில் பந்தை எடுக்கிறான். முதல் ஆளைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறான். பின்னாலிருந்து இன்னொருவர் கை போட்டதில் கால் இடறுகிறது. எதிரே இங்கிலாந்தின் கடைசித் தடுப்பாட்டக்காரர் மைக் காட் நிமிர்ந்து நிற்கிறார். பையன் விலகவே இல்லை. அவர் மேலேயே ஏறி மிதித்துக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டான்.

"நேரா போய் நின்னா இப்படித்தான் மாமா. ஆள் சைசைப் பாத்தியளா? காலைல்லா பிடிக்கணும்" என்றான் மருமகன்.

பத்தாம் வகுப்போடு இயற்பியலுக்குக் கும்பிடு போட்டவன் அவன். ஆனாலும் நான் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்ல நினைத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டான். சரி, கணக்கை நான் போட்டுவிடுகிறேன்.

அந்தப் பையன் ஜோனா லோமு. 1975 மே 12இல் ஆக்லாந்தில் பிறந்தவர். பெற்றோர் பசிபிக் பெருங்கடலின் டோங்கா தீவுக்காரர்கள். நியூசிலாந்து அணிக்காக முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 19, அதற்கு மேல் 45 நாள். (ரக்பியில் நாட்டு அணிகள் மோதும் ஆட்டத்துக்கு டெஸ்ட் என்று பெயர்.) அந்த நாட்டுக்கு அவ்வளவு இளம் வயதில் டெஸ்ட் ஆடியவர் அதற்கு முன் எவருமில்லை. உயரம் ஆறடி ஐந்து அங்குலம், எடை 120 கிலோவை ஒட்டி. ரக்பியில் அப்படிப்பட்ட ஆளை முன்வரிசையில் முட்டித் தள்ளப் போடுவார்கள். லோமுவும் பள்ளி நாளில் முன்வரிசைப் பக்கம்தான் ஆடினார். ஓரத்தில் ஓடுகிற விங்கர் என்றால் ஒல்லியாக, விசுக்கென்று ஓடுகிறவராக இருக்க வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் எழுதாத சட்டம். லோமுவைத் தூக்கி அந்த இடத்தில், 11ஆம் எண் சட்டையில் போட்டதுதான் கலகம். ஏனென்றால் அவர் 100 மீட்டரை 10.8 நொடிக்குள் ஓடுவார்.

இது ஏன் அதிசயம்? ஓர் ஆளை நெட்டிலும் அகலத்திலும் பருமனிலும் பத்துப் பத்து சதவீதம் பெரிதாக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். தசையின் பலம் அதன் குறுக்களவைப் பொறுத்தது. அது 21 சதவீதம் கூடும். எடையோ 33 சதவீதம் கூடும். பலத்தைவிடச் சுமை வேகமாக ஏறுவதால், பெரிய உடம்பு கிளம்புவதற்கே சுணங்கும். எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கைத் தூக்குவதும், யானையால் குதிக்க முடியாததும் இதனால்தான். லோமு இந்த விதியை மீறவில்லை, யாராலும் மீற முடியாது. ஆனால் விதி அனுமதிக்கிற எல்லையின் விளிம்பில் நின்றவர் அவர்.

இப்போது மோதலுக்கு வருவோம். எடையையும் வேகத்தையும் பெருக்கினால் உந்தம். 120 கிலோ ஆள் நொடிக்கு 9 மீட்டர் ஓடினால் உந்தம் 1080. எதிரே 85 கிலோ ஆள் அசையாமல் நின்று கட்டிப்பிடிக்கிறார் என்றால், அந்த 1080ஐ இருவரும் சேர்ந்து சுமக்க வேண்டும். 205ஆல் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு ஐந்தே கால் மீட்டர், அதாவது மணிக்கு 19 கிலோமீட்டர். பிடித்தவர் பிடித்த பிடியை விடாவிட்டாலும், பின்பக்கமாக சைக்கிள் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்.

உந்தம் மட்டும் முழுக்கதையைச் சொல்லாது. அதற்கு நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரைத் துணைக்கு அழைக்கிறேன். சுவாமி தேரின் எடை 400 டன்னுக்கு மேல் என்று ஊரில் சொல்வார்கள். கணக்குக்கு 400 என்றே இருக்கட்டும். லோமுவின் 1080 உந்தம் தேருக்கு வர, அது எவ்வளவு வேகம் போக வேண்டும்? நொடிக்கு மூன்று மில்லிமீட்டர்கூட வேண்டாம். வடம் பிடிக்கிறவர்கள் கண்ணுக்கே தெரியாத நகர்வு அது. அந்த நிலையில் தேரிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஒன்றரை ஜூல். ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை ஒரு சாணுக்கும் குறைவாகத் தூக்குகிற வேலை. அதே உந்தத்தோடு வரும் லோமுவிடம் இருப்பதோ 4860 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டை ஒன்று பத்து மீட்டர் உயரத்திலிருந்து, ஏறத்தாழ மூன்றாவது மாடியிலிருந்து, விழுந்தால் தரையில் என்ன அடி அடிக்குமோ அது. உந்தத்தில் எடைக்கும் வேகத்துக்கும் ஒரே மரியாதை. ஆற்றலில் வேகத்தை வேகத்தாலேயே இன்னொரு தடவை பெருக்க வேண்டும். மைக் காட்டின் மேல் ஏறியது எடை இல்லை. அந்த எடைக்கு இருக்கக்கூடாத வேகம்.

அப்புறம், தேரை யாராவது முன்னால் போய் நின்று நிறுத்துகிறார்களா? முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்து நடப்பார்கள். வேண்டிய நொடியில் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் கட்டையைச் செருகுவார்கள். நாலு ரத வீதியிலும் திருப்பத்தில் தேரின் மூக்கைத் திருப்புவதும் அந்தக் கட்டைதான். மருமகன் சொன்ன 'காலைல்லா பிடிக்கணும்' இதே சங்கதி. ஓடுகிற உடம்பு எப்போதும் கொஞ்சம் முன்னால் சரிந்துதான் இருக்கிறது. அடுத்த கால் வந்து அதைத் தாங்குகிறது. அந்தக் காலைக் கட்டிவிட்டால், தாங்க ஆளில்லாமல் மேலுடம்பு தன் வேகத்திலேயே கவிழும். மிச்சத்தைத் தரை பார்த்துக்கொள்ளும். 120 கிலோவைப் பிடிக்கிறவர் நிறுத்தவே வேண்டாம், பூமி நிறுத்தும்.

ஆனால் கபடி மூளையில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை மருமகனிடமே சொன்னேன். ஆண்கள் கபடிக் களத்தின் மொத்த நீளம் 13 மீட்டர். எதிரணியின் பாதி ஆறரை மீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் யாரும் நொடிக்கு 9 மீட்டர் வேகம் எடுக்க முடியாது. ரக்பி மைதானத்தின் ஆடுகளம் 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் வரை அகலம். முழு ஓட்டத்தில் வருகிற காலில் கை வைப்பதற்குள் முட்டி வந்து முகத்தில் இடிக்கும். அதற்கும் முன்னால் லோமுவின் கை நீளும். குனிந்து வருகிறவரின் தலையிலோ தோளிலோ உள்ளங்கையை ஊன்றி ஒரு தள்ளு. அந்த ஒரு கை நீளத்தைக் கடந்தால்தானே காலைத் தொடுவது?

அந்த அரையிறுதியில் லோமு நான்கு ட்ரை வைத்தார். பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தினால் அது ட்ரை, ஐந்து புள்ளி. நியூசிலாந்து 45-29 என்று ஜெயித்தது. ஆறு நாள் கழித்து ஜோகன்னஸ்பர்கில் இறுதியாட்டம், எதிரே தென்னாப்பிரிக்கா. கூடுதல் நேரம் வரை போய் 15-12 என்று தென்னாப்பிரிக்கா வென்றது. லோமுவுக்கு ஒரு ட்ரையும் இல்லை. அன்றைக்கு மட்டுமில்லை, தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட் எதிலுமே அவர் ட்ரை வைத்ததில்லை.

என்ன செய்தார்கள்? ரக்பி மைதானத்தைக் கபடிக் களமாக்கினார்கள் என்பதுதான் என் கணிப்பு. லோமுவின் கைக்குப் பந்து வந்து அவர் நாலு எட்டு வைப்பதற்குள் ஒருவர் போய்விடுவார், பின்னாலேயே இன்னொருவர், மூன்றாமவர். நொடிக்கு 9 மீட்டர் போகும் லோமுவிடம் 4860 ஜூல் என்றால், 3 மீட்டர் வேகத்தில் இருக்கும் லோமுவிடம் 540தான். வேகம் மூன்றில் ஒரு பங்கு, ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்கு. அந்த லோமுவைச் சாதாரண மனிதர் பிடிக்கலாம். அந்த அணியின் யோஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹைசன் தாழ்வாகப் பாய்ந்து அவரைச் சாய்த்ததைத் தென்னாப்பிரிக்கர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

இதுவரை சொன்னது வெளியே தெரிகிற லோமு. உள்ளே வேறொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. அந்த உலகக் கோப்பைக்குப் பிறகு அவருக்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

சிறுநீரகம் ஒவ்வொன்றும் 150 கிராம் இருக்கும். இரண்டும் சேர்ந்தாலும் உடம்பில் அரை சதவீத எடை வராது. ஆனால் இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்குத்தான் போகிறது. ஒரு சிறுநீரகத்துக்குள் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள். இவை வேலை செய்யும் விதம், பொங்கலுக்கு வெள்ளையடிக்க நம் வீடுகளில் செய்கிற வேலைதான். குப்பையைத் தேடி எடுப்பதில்லை. சாமான் சட்டு எல்லாவற்றையும் முற்றத்தில் தூக்கிப் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்வது. ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீர் இப்படி வடிகிறது. அதில் 178 லிட்டருக்கு மேல் திரும்ப ரத்தத்துக்கே போய்விடும். மிஞ்சும் ஒன்றரை லிட்டர்தான் சிறுநீர்.

ஆனால் முற்றத்துக்கே வரக்கூடாத சில சாமான்கள் உண்டு. பீரோ, கட்டில் மாதிரி. ரத்தத்தில் அப்படிப்பட்டது அல்புமின் என்ற புரதம். வடிகட்டியின் வெளிப்பக்கத்தில் சில செல்கள் கைவிரல்களைக் கோத்ததுபோல் நெருக்கமாகப் பின்னி நிற்கின்றன. நீரும் உப்பும் யூரியாவும் அந்த இடுக்கில் நழுவும், அல்புமின் நழுவாது. நெஃப்ராட்டிக் சிண்ட்ரோமில் இந்த விரல்கள் தளர்ந்துபோகின்றன. நல்ல உடம்பில் ஒரு நாளைக்கு அல்புமின் 0.03 கிராம்கூடச் சிறுநீரில் போகாது. இந்த நோயில் நாளுக்கு மூன்றரை கிராமுக்கு மேல் புரதம் போகும். சிறுநீர் சோப்புத் தண்ணீர்போல நுரைக்கும்.

புரதம் போனால் என்ன? மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்தால் சற்று நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்கிறது இல்லையா? உப்பு தன் பக்கம் நீரை இழுக்கிறது. ரத்தக் குழாய்க்குள் அல்புமின் ஏறத்தாழ அந்த வேலையைச் செய்கிறது, நீரை உள்ளே இழுத்து வைக்கிறது. அது குறைந்தால் நீர் குழாயைவிட்டுக் கசிந்து திசுக்களில் தேங்கும். கால் வீங்கும். விரலால் அழுத்தினால் பிசைந்த மாவில்போலக் குழி விழுந்து நிற்கும். உடம்பு சோர்ந்து போகும். இழப்பை ஈடுகட்ட ஈரல் அதிகமாக உழைக்கும்போது கொழுப்புப் புரதங்களும் கூடுதலாக உற்பத்தியாகி ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறும். ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். கடைசியில் அடி வாங்குவது பெரும்பாலும் இதயம்.

இந்த உடம்போடுதான் லோமு 1999 உலகக் கோப்பையில் எட்டு ட்ரை வைத்தார். 1995இல் வைத்த ஏழைவிட ஒன்று கூட. "தெரிஞ்சேவா ஆடினாரு?" என்று மருமகன் கேட்டான். தெரிந்தேதான். நடுவில் சிகிச்சைக்காக ஆட்டத்தை விட்டு விலகியிருந்தார், திரும்ப வந்தார். டெஸ்ட் ஆட்டங்கள் மொத்தம் 63, ட்ரைகள் 37. எனக்கு அந்த நான்கு ட்ரைகளைவிட இந்த எட்டுதான் பெரிதாகப் படுகிறது.

2003இல் சிறுநீரகம் கைவிட்டது. டயாலிசிஸ் தொடங்கியது. கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, 100 மீட்டரை 10.8 நொடிக்குள் ஓடியவருக்கு நடையே தடுமாறியது. டயாலிசிஸ் என்றால் வழக்கமாக வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான குழல்களின் வழியாக ரத்தத்தை ஓட்டிக் கழிவை எடுப்பது. இரவும் பகலும் ஓயாமல் நடக்கிற வேலையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அடைக்கப் பார்க்கிறோம். எங்கள் பெரியப்பா ஒருவர் கடைசி நாலு வருஷம் இப்படிப் போய்வந்தார். சித்திரை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, அன்றைய கணக்குக்கு இன்னும் எத்தனை டம்ளர் தண்ணீர் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருப்பார். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் கொட்டிக்கொண்டிருக்கும்.

2004 ஜூலையில் வெலிங்டன் வானொலி அறிவிப்பாளர் கிராண்ட் கெரியாமா தன் சிறுநீரகம் ஒன்றை லோமுவுக்குக் கொடுத்தார். மாற்றுச் சிறுநீரகத்தைப் பழையது இருக்கும் முதுகுப் பக்கத்தில் வைப்பதில்லை. பொதுவாக அடிவயிற்றில், காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயோடு இணைப்பார்கள். பழையவற்றைப் பெரும்பாலும் எடுப்பதும் கிடையாது. உடம்பு புதியதை அந்நியன் என்று தாக்காமலிருக்க, ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வேண்டும். இப்படி ஒருவர் மோதல் விளையாட்டுக்குத் திரும்புவார் என்று யார் நினைப்பார்கள்? 2005 கடைசியில் அவர் வேல்ஸில் கார்டிஃப் அணிக்கு ஆடினார். பழைய லோமு இல்லைதான். விழுந்தார், எழுந்தார், ஓடினார்.

அந்தச் சிறுநீரகம் ஏழு வருஷம் உழைத்து 2011இல் நின்றது. மறுபடி டயாலிசிஸ். 2015 அக்டோபரில், இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில், தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா அமெரிக்காவுக்கு எதிராக மூன்று ட்ரை வைத்து லோமுவின் மொத்தக் கணக்கான 15ஐத் தொட்டார். தாண்டவில்லை. லோமு அப்போது இங்கிலாந்துக்குப் போய்விட்டு, குடும்பத்தோடு ஊர் திரும்பினார். நவம்பர் 18 அன்று ஆக்லாந்தில் வீட்டில் இதயம் நின்றது. வயது 40.