தொடையில் உருட்டினால் வலி எங்கே குறைகிறது?

வெள்ளியங்கிரி ஏறி இறங்கிய வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ரெண்டாம் நாள் மாடிப்படி இறங்கவே முடியலை. ரோலரை வெச்சு உருட்டினா தேங்கின லாக்டிக் அமிலம் கரைஞ்சுடும்னு ஜிம் மாஸ்டர் சொல்றார். உண்மையா?"

ரோலர் என்னும் உருளையைத் தசைமேல் அழுத்தி உருட்டினால் வலி குறையும். ஆனால் அமிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடற்பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் லாக்டேட் (அந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) ஏறக்குறைய பழைய அளவுக்கே இறங்கிவிடும். இந்த வலியோ 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு வருகிறது. மலை இறங்கும்போது உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கும் தொடைத் தசை, சுருங்க முயன்றபடியே நீள்கிறது. அந்த இழுபறியில் தசை இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. பின்னாலேயே வரும் அழற்சி வலி நரம்புகளைக் கூர்மையாக்கி விடுகிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நோவைத் தருவது இறக்கம்தான்.

தசையைச் சுற்றிய உறையின் 'முடிச்சு'களை ரோலர் உடைக்கிறது என்பார்கள். அதுவும் இல்லை. தொடையின் வெளிப்பக்க உறையை ஒரு சதவீதம் அமுக்கவே உடல் தாங்காத அளவு விசை வேண்டும் என்று 2008-ல் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள்.

பிறகு எப்படி வலி குறைகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கெண்டைக்காலில் தொட்டால் நோகும் புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டு, உருளையை மற்றக் காலில் அழுத்தி உருட்டினார்கள். தொடாத காலிலும் அந்தப் புள்ளி முன்பைவிட அதிக அழுத்தத்தைத் தாங்கியது! அந்தத் தசையை யாரும் தொடவில்லை. மாறியது நரம்பு மண்டலம்.

தொடுதலையும் அழுத்தத்தையும் சுமக்கும் தடித்த நரம்பிழைகளில் செய்தி நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை ஓடும். மந்தமான வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளில் 2 மீட்டரைத் தாண்டாது. இரண்டும் தண்டுவடத்தில் சந்திக்கின்றன. தொடுதல் செய்தி நிறைய வந்தால், வலிச் செய்தி மேலே ஏறுவதை அங்குள்ள இடை நரம்பணுக்கள் மட்டுப்படுத்துகின்றன. மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965-ல் முன்வைத்த வாயிற்கதவுக் கோட்பாட்டின் சாரம் இது. நுணுக்கங்களில் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது. முட்டியில் இடித்ததும் கை தானாகப் போய்த் தேய்ப்பதும் இதனால்தான். மற்றக் காலில் கிடைத்த நிவாரணத்துக்கு இது மட்டும் போதாது. மூளைத்தண்டிலிருந்து கீழிறங்கி, உடல் முழுக்க வலியைத் தணிக்கும் நரம்புப் பாதையும் அதில் சேர்ந்திருக்கக்கூடும்.

ஆகவே விலை உயர்ந்த கருவி தேவையில்லை. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் பூரிக்கட்டை போதும். தோள்பட்டைக்கு, சுவருக்கும் முதுகுக்கும் நடுவே டென்னிஸ் பந்தை வைத்து, முதுகெலும்பில் படாமல் சாய்ந்துகொள்ளுங்கள். ஓர் இடத்துக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம். மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வலித்தால் அழுத்தம் அதிகம். கிடைக்கும் இதம் சிறிது நேரமே நிற்கும். தசை ஆற எடுக்கும் நாட்களை எடுக்கத்தான் செய்யும்.

இத்துறை ஆய்வுகள் பலவும் மிகச் சிறியவை. பந்துக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது என்பதால் தனியார் பணமும் அதிகம் வராது. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒன்பது வகை அழுத்தல், பிடித்தல் முறைகள் இருக்கின்றன. பழமை என்பதற்காக நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்; அழுத்தமானி ஒன்றும் நூறு தன்னார்வலர்களும் இருந்தால் சோதித்துவிடலாம். அரசு நிதி இதற்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரே ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் உருட்டாதீர்கள். ரத்தக் கட்டியாக இருக்கலாம். கடும் உழைப்புக்குப் பின் சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் போனாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.