சைலன்சரை மாற்றினால் ஜெட்டையும் பார்க்கணும்
குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் ஓடும் ஏடிவிகள் (மேடு பள்ளத்தில் ஓடும் நாலு சக்கர வண்டிகள்) பட்டறைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே கதைதான். சைலன்சரைக் கழற்றி அடைப்புக் குறைந்த ஃப்ரீ ஃப்ளோ போட்டிருப்பார்கள், ஏர் பாக்ஸ் மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டியிருப்பார்கள், ஆனால் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டரில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். சத்தம் கூடினால் இழுவையும் கூடிவிட்டது என்று ஒரு நினைப்பு.

பெட்ரோல் முழுசாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். முழு இழுவைக்குக் காற்று 13, 12.5 பங்கு வரை குறையலாம், அதாவது பெட்ரோல் கொஞ்சம் தாராளமாக வரணும். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைதான் ஜெட், கம்பெனி அதைப் போட்டதே அந்த மூடிய ஏர் பாக்ஸையும் அடைப்பான சைலன்சரையும் வைத்துத்தான். இரண்டையும் திறந்துவிட்டால் காற்று கூடுதலாக நுழையும், கார்பரேட்டருக்குள் உறிஞ்சல் குறைவதால் அதற்கேற்ற பெட்ரோல் மேலே வராது. வண்டி லீன் ஆகிவிடும், அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் இருக்காது. போதாததற்கு, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்த 14.7 என்பதே சுமார் 13.5தான், பழைய ஜெட் ஏற்கெனவே லீன் பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.

த்ராட்டிலை விட்டதும் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறதா, ஆர்பிஎம் சட்டென்று இறங்காமல் தொங்குகிறதா, பிளக் வெள்ளையாக இருக்கிறதா? லீன்தான். அப்படியே ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு மேட்டில் முறுக்கினால் பிஸ்டன் தலையில் ஓட்டைதான்.

கால் த்ராட்டில் வரை பைலட் ஜெட், நடுவில் நீடில் (ஊசி), அதற்கு மேல் மெயின் ஜெட். எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அதை மட்டும், ஒவ்வொரு நம்பராக ஏற்றுங்கள். புதுப் பிளக் போட்டு முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே என்ஜினை ஆஃப் செய்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் லேசான காபி நிறம் வரணும். கருப்பாகக் கரி பிடித்தால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம், அதுவும் ஆகாது, வழியும் பெட்ரோல் போரில் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்பக்கம்) உள்ள ஆயிலைக் கழுவிவிடும். எஃப்ஐ (கார்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்) வண்டிக்காரர்களே, ஆக்சிஜன் சென்சார் மெதுவான ஓட்டத்தைத்தான் சரிசெய்யும், முழு த்ராட்டிலில் ஈசியு என்ற என்ஜின் கம்ப்யூட்டர் உள்ளே பதிந்த கணக்குப்படியே போகும்.

கடற்கரையில் ஓட்டுகிறவர்கள் ஃபில்டரில் விளையாடவே வேண்டாம். மணவாளக்குறிச்சி மணலில் கார்னெட் கலந்திருக்கிறது, உப்புத்தாள் செய்கிற சரக்கு அது, பிஸ்டன் ரிங்கையும் போரையும் தேய்த்துத் தள்ளிவிடும். கழற்றிய மூடி வீட்டில் கிடந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், முதலில் அதை மாட்டுவோம், அப்புறம் ஜெட் பார்க்கலாம்.