ஏடிஎம்முக்குள் யார் பேசுகிறார்கள்?

ஏடிஎம் என்பதன் நடுவில் நிற்கும் 'டி', டெல்லர் என்ற சொல். 'டெல்' என்றால் சொல்வது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? ஆனால் பணம் எடுக்கும்போது காதில் விழுவது கடகடவென்ற சத்தம்தான். உள்ளே நோட்டு எண்ணப்படுகிறது. விடையும் அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் 'டெல்லன்' என்ற வினைக்கு எண்ணுவது, விவரித்துச் சொல்வது என இரண்டு பொருளும் உண்டு. எண்ணும் பொருள் பின்னாளில் தேய்ந்துபோய், சில மூலைகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வங்கியில் பணம் எண்ணித் தருபவர் டெல்லர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாக்குகளை எண்ணும் உறுப்பினருக்கும் அதே பெயர்தான்.

சரி, இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்? உறவு மொழிகளில் ஒலிகள் ஒழுங்காக மாறியிருக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லின் முதலில் 'ட' வந்தால், ஜெர்மனில் பெரும்பாலும் 'ட்ஸ' வரும். இரண்டைக் குறிக்கும் 'டூ' அங்கே 'ட்ஸ்வை'. நாக்கைக் குறிக்கும் 'டங்' அங்கே 'ட்ஸுங்க'. இதே விதிப்படி 'டெல்'லைத் தேடினால் 'ட்ஸேலன்' கிடைக்கிறது. பொருள், எண்ணுவது! முன்னால் 'எர்' சேர்த்து 'எர்ட்ஸேலன்' என்றால் கதை சொல்வது. இந்த ஒலிமாற்றம் எட்டாத டச்சு மொழியிலோ இன்றும் 'டெல்லன்' என்றால் எண்ணுவதுதான்.

பேசுவதைக் குறிக்கும் 'டாக்' என்ற சொல்லும் இதே குடும்பம். 'டெல்'லோடு உறவுள்ள, கதையைக் குறிக்கும் 'டேல்' வழிவந்த அடிச்சொல்லோடு, திரும்பத் திரும்பச் செய்வதைக் காட்டும் 'க்' விகுதி சேர்ந்தது. கேட்பதைக் குறிக்கும் 'ஹியர்' என்பதோடு உறவுள்ள, உற்றுக் கேட்பதைக் குறிக்கும் 'ஹார்க்' போல. 'டாக்' என்று எழுதும்போது நடுவில் ஓர் 'எல்' வருகிறதே, அதை யாரும் உச்சரிப்பதில்லை. ஆனால் டேலோடு உள்ள உறவுக்கு அந்த ஊமை எழுத்துதான் சாட்சி.

எண்ணுவதற்கும் சொல்வதற்கும் என்ன சம்பந்தம்? நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாக, விட்டுப்போகாமல் அடுக்கினால்தான் கதை. கணக்கும் அப்படித்தான். ஸ்பானிய மொழியின் 'கொன்தார்' இன்றும் இரண்டு வேலையையும் ஒருசேரச் செய்கிறது.

தமிழில் எண்ணம் எண்ணோடு ஒட்டியது. பேச்சு கதையோடு ஒட்டிய இடமும் உண்டு: "பிறகு கதைப்பம்" என்று சொல்லித்தான் யாழ்ப்பாணத்தில் போனை வைப்பார்கள். 'டாக்' பிறந்ததும் இப்படித்தான். உடனே ஆங்கிலம் தமிழிலிருந்து வந்தது என்று கிளம்பிவிட வேண்டாம். இது ஒரே யோசனை இரண்டு இடத்தில் தோன்றியது, அவ்வளவுதான்.