"விசேஷம் எதுவும் இல்லையா?" என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வது

முகூர்த்த மாதம் வந்தால் என் ஓபியில் ஒரு தனிக் கூட்டம் சேரும். கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோயிலில் ஒரே நாளில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும், சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள், போன வருடம் அதே கோயிலில் தாலி கட்டிக்கொண்ட பெண்ணிடம் பந்தியில் இலை போடும் முன்பே யாராவது "இன்னும் விசேஷம் எதுவும் இல்லையா?" என்று கேட்டுவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண் மஞ்சக்குப்பத்தில் என் முன்னால் உட்கார்ந்து "எல்லா டெஸ்ட்டும் எடுத்துடுங்க டாக்டர்" என்பாள். கல்யாணமாகி ஏழெட்டு மாதம்தான் ஆகியிருக்கும்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு வருடம் சேர்ந்து இருந்தும் கரு தங்காவிட்டால்தான் மருத்துவத்தில் அதைக் குழந்தையின்மை என்று எடுத்துக்கொள்வோம். பெண்ணுக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே பார்ப்பது நல்லது, மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களும் காத்திருக்க வேண்டாம். மற்றபடி சொந்தக்காரர்கள் கேட்டார்கள் என்பதற்காக ஒருவருக்கு ஹார்மோன் டெஸ்ட் எழுத முடியாது. அப்புறம், பரிசோதனை என்று வந்தால் ரெண்டு பேரும் வர வேண்டும். ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் சேர்ந்தே இருக்கிறது, ஆனால் கேள்வி மட்டும் பெண்ணிடம்தான் போகிறது.

சரி, கேட்பவரிடம் என்ன சொல்வது? கேட்கிற எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை, "மழை வருமா" என்று கேட்பது போல எதையாவது பேச ஆரம்பிக்க இதைக் கேட்பவர்களும் உண்டு. பிரச்சினை நம் பதிலில் இருக்கிறது. மரியாதை என்று நினைத்துக் காரணம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். "டாக்டர்கிட்ட பார்த்துக்கிட்டு இருக்கோம் பெரியம்மா" என்றால் அடுத்து "எந்த டாக்டர்?" என்று வரும், அதைச் சொன்னால் "என்ன சொன்னாங்க?", அதையும் சொன்னால் "உனக்கா, அவனுக்கா?", கடைசியில் பண்ருட்டியில் ஒருத்தர் நாட்டு மருந்து தருகிறார் என்று விலாசத்தோடு முடியும். "இப்போ வேணாம்னு தள்ளிப் போட்டிருக்கோம்" என்ற பொய்யும் உதவாது, ஆறு மாதம் கழித்து அதே ஆள் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்.

காரணம் இல்லாத பதில்தான் நிற்கும். "இருந்தா உங்ககிட்ட சொல்லாம இருப்பேனா பெரியம்மா? வாங்க, பந்தி போட்டுட்டாங்க." அவ்வளவுதான். சிரித்த முகத்தோடு சொல்லலாம், யாருக்கும் மனம் கோணாது, அவர் பிடித்துக்கொள்ள அதில் ஒரு நூல்கூட இல்லை. மறுபடி கேட்டால் புதிதாக யோசிக்காமல் அதே வாக்கியத்தையே திரும்பச் சொல்லுங்கள். மூன்றாவது தடவையும் விடவில்லை என்றால் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு "இதைப் பத்தி நான் பேசறதில்லைங்க" என்று சொல்லலாம், அது மரியாதைக்குறைவு ஆகாது. கேட்பவர் வீட்டுக்காரர் பக்கத்து ஆள் என்றால் பதில் சொல்ல வேண்டியது வீட்டுக்காரர்தான். மனைவி மாட்டிக்கொண்டு முழிக்கும்போது போனை நோண்டிக்கொண்டு நிற்கிற கணவர்களிடம் நான் இதைச் சற்றுக் காட்டமாகவே சொல்வதுண்டு.

கரு கலைந்தவர்களிடம் வரும் கேள்விகள் இன்னும் மோசம். "ஏதாவது கனமா தூக்கினியா?", "பப்பாளி சாப்பிட்டியா?", "வண்டியில போனியா?" டெஸ்ட்டில் உறுதியான கர்ப்பங்களிலேயே பத்தில் ஒன்றுக்குக் குறையாமல் கலைகின்றன, பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். அப்படி ஆரம்பத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் நடப்பது. அந்தப் பெண் டவுன் பஸ்ஸில் போனதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே மட்டும் "என் தப்பால இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம், என் பெயரைத் தாராளமாக இழுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம்.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் "ஸ்கேன்ல என்ன குழந்தைன்னு சொன்னாங்க?" என்பார்கள். இதற்குப் பதில் சுலபம்: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

மாமியார் விஷயம் வேறு. ஒரே வீட்டில் இருப்பவரிடம் பந்தியைக் காட்டித் தப்பிக்க முடியாது, தேவையும் இல்லை. சிகிச்சை நடக்கிறது என்பதைச் சொல்லலாம், ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு சொல்வது என்று ரெண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வந்து "யாருக்குக் குறை டாக்டர்?" என்று என்னிடமே கேட்கும் அத்தைகள் உண்டு. "அதை அவங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும்தான் சொல்வேங்க" என்பதுதான் என் பதில். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிகளிலேயே இருக்கிறது. ரிப்போர்ட்டை உங்கள் கையில்தான் தர வேண்டும் என்று லேபில் சொல்லி வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தயவுசெய்து போடாதீர்கள், அங்கே போனது நெய்வேலி, பாண்டிச்சேரி, சிங்கப்பூர் எல்லாம் சுற்றிவிட்டுத்தான் திரும்பும்.

விசாரிப்பது ஒன்று, குத்திக் காட்டுவது வேறு. வளைகாப்புக்குக் கூப்பிடாமல் ஒதுக்குவது, "மலடி" என்பது, இன்னொரு கல்யாணம் செய்துவைப்பேன் என்று மிரட்டுவது எல்லாம் பெண்கள் பொறுத்துக்கொண்டு போக வேண்டிய சமாச்சாரம் இல்லை. குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று சொல்லி இழிவுபடுத்துவதையும் வன்முறை என்றே 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். மனசு மிகவும் சோர்ந்திருந்தால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மனஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். கூட வந்தவர் எதிரில் என்னிடம் எதுவும் பேச முடியவில்லை என்றால், எடை பார்க்கும்போது சிஸ்டரிடம் "டாக்டரைத் தனியா பார்க்கணும்" என்று மெதுவாகச் சொன்னால் போதும், மற்றவர்களை வெளியே உட்கார வைப்பது எங்கள் வேலை.