ஜீன் டெஸ்ட் எழுதினால் சம்பந்தம் முறிந்துவிடுமா?

இன்னொரு குடும்பமும் ஜீன் சோதனையை வேண்டாம் என்றுவிட்டது. பெரியவருக்கு சி.எல்.எல். என்கிற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். சில வருடம் மருந்தே இல்லாமல் கவனித்து வந்தோம். இப்போது கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டி, ஹீமோகுளோபினும் இறங்கி, சிகிச்சை தொடங்கவேண்டிய கட்டம். குரோமோசோமில் துண்டு ஏதும் போயிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் சோதனையும், டிபி53 என்ற ஜீனுக்கான சோதனையும் எழுதிக் கொடுத்தேன். மகன் சீட்டை மடித்து என் மேசையிலேயே வைத்தார். “தங்கச்சிக்கு வரன் பாத்துட்டிருக்கோம் டாக்டர். ஜீன்ல கோளாறுன்னு ரிப்போர்ட் வந்தா வெளியில தெரிஞ்சிடும்.”

சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் சொல்கிறேன். ஜீனில் கோளாறு என்றாலே பரம்பரை வியாதி என்று அர்த்தமில்லை. பெரியவரின் ரத்தத்தில், பி லிம்ஃபோசைட் என்கிற வெள்ளையணு வகையைச் சேர்ந்த ஏதோ ஒரு செல்லில், வாழ்நாளின் நடுவே எப்போதோ ஒரு ஜீன் பழுதாகிறது. அந்தச் செல்லும் அதன் வாரிசுகளும் பெருகிப் பெருகி நோயாகின்றன. அந்தப் பழுது அவருடைய தோலில் இல்லை, ஈரலில் இல்லை, விந்தணுவில் இல்லை. மகள் கருவாகும்போது அது உண்டாகவே இல்லை. அப்பா விபத்தில் விரலை இழந்தால் மகள் விரல் இல்லாமலா பிறக்கிறாள்?

விதிவிலக்கு உண்டு, மறைக்கவில்லை. டிபி53 பிறவியிலேயே பழுதாக இருக்கும் லி-ஃப்ராமெனி என்ற நிலை இருக்கிறது. அரிது. ஒரே குடும்பத்தில் பலருக்கு இள வயதிலேயே மார்பகம், எலும்பு, மூளை என்று புற்றுநோய் வரும். அந்தச் சந்தேகம் எழுந்தால் நாங்களே தனியாக உட்காரவைத்துப் பேசுவோம். சி.எல்.எல்.கூட சில குடும்பங்களில் ஒருவருக்கு மேல் வருவதுண்டு. ஆனால் அது உங்களுக்கு வருமா என்பதை நான் எழுதிய சோதனை சொல்லாது. சோதனையைத் தவிர்த்தால் அந்த வாய்ப்பு குறைந்துவிடவும் போவதில்லை.

பிறகு எதற்கு அந்தச் சோதனை? மருந்தைத் தேர்ந்தெடுக்க.

பழுதான செல் தானே செத்துப்போக உடம்பில் ஏற்பாடு உண்டு. டிஎன்ஏ சிதைந்தால் டிபி53 விழித்துக்கொண்டு பூமா போன்ற ஜீன்களை முடுக்கும். செல்லைச் சாகவிடாமல் பிடித்துவைக்கும் பிசிஎல்2 புரதத்தின் பிடியை அவை தளர்த்தும். மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை விழும், கேஸ்பேஸ் நொதிகள் செல்லை உள்ளிருந்தே நறுக்கிப் போடும். மாணவர்கள் பரீட்சைக்கு முன் நெட்டுருப் போடுவது இதைத்தான், மற்றவர்களுக்கு இவ்வளவு போதும்.

பிசிஎல்2 செல்லைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் பிடித்துவைக்கிறது என்பதை 1988இல் மெல்பர்னில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் மூவரும் காட்டினார்கள். 1992இல் அந்த மனித ஜீனை ஒரு நுண்புழுவுக்குள் வைத்தபோது, சாகவேண்டிய புழுவின் செல்களும் சாகாமல் நின்றன. சி.எல்.எல்.லில் நடப்பதும் அதுதான். ஏறக்குறைய பாதி நோயாளிகளுக்கு 13ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். பிசிஎல்2வை அடக்கிவைக்கும் இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்கள் (ஜீன்களை அடக்கும் சின்னஞ்சிறு மூலக்கூறுகள்) அந்தத் துண்டில்தான் இருக்கின்றன. அடக்க ஆளில்லாததால் ரத்தத்தில் சாகாத செல்கள் சேர்ந்துகொண்டே போகும்.

இப்போது டிபி53க்கு வருகிறேன். பழைய கீமோ மருந்துகள் பெரும்பாலும் டிஎன்ஏவைத்தான் சிதைக்கின்றன. அதைப் பார்த்துச் செல்லுக்குச் சாவோலை எழுதவேண்டியது டிபி53. அதுவே இல்லையென்றால் முடி கொட்டும், வாந்தி வரும், நோய் அப்படியே இருக்கும். ஃபிஷ் சோதனையில் நல்ல செல்லின் உட்கருவில் இரண்டு சிவப்புப் புள்ளி (டிபி53 இருக்கும் இடம்), இரண்டு பச்சைப் புள்ளி (அதே குரோமோசோமின் வேறு இடம்) தெரியும். 17ஆவது குரோமோசோமில் டிபி53 இருக்கும் பகுதி போயிருந்தால் பச்சை இரண்டு இருக்கும், சிவப்பு ஒன்றுதான். முதல் சிகிச்சை தொடங்கும்போது நூற்றில் 5 முதல் 10 பேருக்கு இப்படி இருக்கும். ஃபிஷ் மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளும் சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரண்டு சிவப்புப் புள்ளியும் இருந்தும் ஜீனின் எழுத்தில் பிழை இருக்கலாம். அந்த எழுத்தைப் படிக்கும் சீக்வென்சிங்கும் கேளுங்கள்.

பழுது தெரிந்தால் வழியும் இருக்கிறது. வெனிடோகிளாக்ஸ் என்ற மாத்திரை டிபி53க்குக் காத்திருக்காமல் நேராக பிசிஎல்2வையே முடக்குகிறது. அமெரிக்காவில் 2016இல் அதற்கு முதல் அனுமதி கிடைத்ததே இந்தப் பழுது உள்ள சி.எல்.எல். நோயாளிகளுக்காகத்தான். டிபி53 பழுதானாலும் வேலை செய்யும் இப்ரூட்டினிப் வகை மாத்திரைகளும் உண்டு. சோதனை செய்யாமல் எதை எழுதுவது? கண்ணைக் கட்டிக்கொண்டு கீமோ கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே சிகிச்சைக்கு முன் இந்தச் சோதனைகளை முடித்துவிடுங்கள். நோய் திரும்பினால் மறுபடியும் செய்யுங்கள், முதலில் இல்லாத பழுது பின்னால் வருவது சகஜம். ரிப்போர்ட் நோயாளியின் சொத்து, கல்யாணத் தரகருக்குக் காட்டவேண்டிய அவசியம் இல்லை.

வெனிடோகிளாக்ஸ் தொடங்குகிறவர்களே, “மாத்திரைதானே” என்று இருந்துவிடாதீர்கள். 20 மில்லிகிராமில் தொடங்கி ஐந்து வாரத்தில் 400க்கு ஏற்றுவோம். ஒரேயடியாகச் செல்கள் செத்தால் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் எகிறும், சிறுநீரகம் நின்றுபோகும், இதயமும் தப்பாது. சீக்கிரம் குணமாகட்டும் என்று கூடுதலாக விழுங்காதீர்கள். தண்ணீர் குடிக்கச் சொன்ன அளவுக்குக் குடியுங்கள். கிரேப்ஃப்ரூட்டும் நட்சத்திரப் பழமும் கூடாது, பம்பளிமாஸையும் விட்டுவிடுங்கள். சளிக்கென்று மருந்துக்கடையில் நீங்களாகவே ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். கிளாரித்ரோமைசின் போன்றவை இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும். ரத்தப் பரிசோதனைக்கு மாத்திரை போட்ட 8 மணி நேரத்தில் வா, மறுநாள் வா என்றால் தயவுசெய்து வந்துவிடுங்கள். ஊர் தூரமென்றால் அந்த ஐந்து வாரமும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.