மூன்றாவது நாய் வீட்டுக்கு வரும்போது

பஞ்சு வந்த அன்று அவனை நேராக வீட்டுக்குள் கூட்டிப் போகவில்லை. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. அதன் ஓரமாக நான் பஞ்சுவைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முப்பது அடி தள்ளி, அதே திசையில், என் மனைவி ராணியையும் லட்டுவையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். எங்கேயும் நிற்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தோம். லட்டு புல்லில் சிறுநீர் விட்டுவிட்டு நகர்ந்ததும் பஞ்சுவை அந்த இடத்துக்குப் போக விட்டேன். மூக்கைப் புல்லில் புதைத்தவன் ஒரு நிமிடத்துக்கு மேல் தலையைத் தூக்கவே இல்லை.

ராணி 9 வயது லாப்ரடார். லட்டு 4 வயது, காப்பகத்திலிருந்து வந்த கலப்பினம். பஞ்சு 9 மாத ஸ்டாண்டர்ட் பூடில், அதாவது பூடில்களிலேயே பெரிய வகை. அவனை முதலில் வளர்த்த வீட்டில் அவன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, அதனால் எங்களிடம் வந்தான். ஏற்கெனவே நாய்கள் இருக்கிற வீட்டுக்குள் இன்னொரு நாய் நுழையும்போது அவற்றின் மூக்கிலும் உடம்பிலும் மூளையிலும் என்ன நடக்கிறது என்று அந்த நாட்களில் நிறையத் தேடிப் படித்தேன். படித்ததை ராணியும் லட்டுவும் கண்ணெதிரே நடத்திக் காட்டினார்கள்.

மூக்கிலிருந்து தொடங்கலாம். நாயின் மூக்குத் துவாரத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு பிளவு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே இழுக்கும் காற்று முன்பக்கமாகப் போகிறது. வெளியே விடும் காற்று அந்தப் பிளவு வழியாகப் பக்கவாட்டில், பின்னோக்கிப் போகிறது. அதனால் மோப்பம் பிடிக்கும் இடத்தின் வாசனை கலையாமல் இருக்கிறது. நொடிக்கு ஐந்து தடவை வரை நாய் இப்படி இழுத்து விடும். இது தவிர மேல் அண்ணத்துக்கு மேலே ஜேக்கப்சன் உறுப்பு என்று தனியாக ஒன்று உண்டு. சிறுநீரிலும் உடம்பிலும் இருக்கிற, தன் இனத்துக்குள் செய்தி சொல்லும் வேதிப்பொருள்களைப் பிடிப்பது அதன் வேலை. எதிரே இருப்பது ஆணா பெண்ணா, இனப்பெருக்கத்துக்குத் தயாராக இருக்கிறதா என்பதெல்லாம் அதன் வழியாகத் தெரிந்துவிடுகிறது. லட்டுவைப் பற்றிப் பஞ்சுவுக்கு முதலில் கிடைத்த விவரம் அந்தப் புல்லில் இருந்ததுதான், அவள் முகத்தில் இல்லை.

இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்தில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. புதிய வாசனை எதுவானாலும் நாய்கள் முதலில் வலது மூக்கால் மோந்தன. அது அச்சுறுத்தாத வாசனை என்றால் இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு இடது மூக்குக்கு மாறின. அட்ரினலின் வாசனைக்கும் கால்நடை மருத்துவரின் வியர்வை வாசனைக்கும் மட்டும் கடைசி வரை வலது மூக்கையே வைத்திருந்தன. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் குறுக்கே மாறுவதில்லை. வலது மூக்கின் செய்தி வலது மூளைக்கே போகிறது. புதியதையும் ஆபத்தையும் வலது பாதி எடைபோடுகிறது, பழகியதை இடது பாதி ஏற்றுக்கொள்கிறது. ஒரு வாசனை ஆபத்திலிருந்து பழக்கத்துக்கு நகர நேரமும் தடவைகளும் வேண்டும். அதனால்தான் பஞ்சு வருவதற்கு ஒரு வாரம் முன்பே அவன் படுத்திருந்த பழைய துண்டு ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் போட்டோம். முதல் நாள் ராணி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள் மிதித்துக்கொண்டு போனாள்.

வாசலில் இரண்டு நாய்களை நேருக்கு நேர் நிறுத்தி, கயிற்றை இழுத்துப் பிடித்து "ஹலோ சொல்லு" என்றால் என்ன ஆகும்? தன்னிச்சையாக விட்டால் நாய்கள் வளைந்து வந்து, முகத்தைத் திருப்பி, பக்கவாட்டிலோ பின்புறமோ மோந்துகொள்ளும். கயிறு இறுகினால் வளைய முடியாது, விலகவும் முடியாது. கழுத்து பின்னால் இழுபடுவதால் நெஞ்சு நிமிர்ந்து, சண்டைக்கு வருகிற மாதிரி ஒரு தோற்றம் தானாக வந்துவிடும். எதிரே இருக்கும் நாய் அந்தத் தோற்றத்தைத்தான் படிக்கும். அருகருகே ஒரே திசையில் நடக்கும்போது இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

பூடில் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மற்ற நாய்களால் அதை எளிதாகப் படிக்க முடியாது.

இதற்குக் காரணம் அதன் முடி. நாய்களின் முடி வகைகளில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, ஒன்று மீசை புருவத்துக்கு. பூடிலில் மூன்றின் மாறிய வடிவமும் சேர்ந்திருக்கிறது. அதனால் முடி நீண்டு, சுருண்டு, முகத்தையும் மூடிக்கொண்டு வளர்ந்துகொண்டே போகிறது, உதிர்வதும் குறைவு. ஜெர்மனியில் தண்ணீரில் விழுந்த பறவைகளை நீந்தி எடுத்து வர வளர்த்த இனம் இது. பூடில் என்ற பெயரே தண்ணீரில் அளைவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. அந்த வேலைக்கு இந்த முடி பொருத்தம். இன்னொரு நாயோடு பேசுவதற்குத்தான் இடைஞ்சல். கண்ணின் வெண்மை தெரிகிறதா, நெற்றி சுருங்குகிறதா, முதுகு மயிர் சிலிர்த்திருக்கிறதா என்று பார்த்துத்தான் நாய்கள் ஒன்றின் மனநிலையை மற்றது அறிகின்றன. பஞ்சு வந்தபோது அவன் முகத்தில் மூக்கு நுனி மட்டும்தான் தெரிந்தது.

வாலும் அப்படித்தான். அமெரிக்காவில் பூடில் குட்டிகளின் வாலைப் பிறந்த சில நாட்களிலேயே வெட்டிவிடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2007 முதல் சில வேலை நாய்களைத் தவிர மற்றவற்றுக்கு அது சட்டவிரோதம். இங்கேயும் நிறுத்த வேண்டும் என்றே நினைக்கிறேன், அதற்குக் காரணம் வலி மட்டும் இல்லை. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உண்மையான நாயின் அளவில் ஓர் இயந்திர நாயைச் செய்து, அதற்கு நீள வாலும் குட்டை வாலும் மாற்றி மாற்றிப் பொருத்தி, நாய்கள் உலவும் இடங்களில் நிறுத்தினார்கள். நீள வால் ஆடினால் பெரிய நாய்கள் தயங்காமல் கிட்டே வந்தன. ஆடாமல் விறைத்து நின்றால் தயங்கின. குட்டை வால் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவை நடந்துகொண்டதில் வேறுபாடு இல்லை. செய்தி போய்ச் சேரவே இல்லை.

வால் ஆடும் திசையிலும் செய்தி இருக்கிறது. பாரி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவே 2007-இல் 30 நாய்களைப் படம் பிடித்து அளந்தது. தங்களை வளர்ப்பவரைக் கண்டதும் வால் வலப்பக்கம் அதிகம் சாய்ந்து ஆடியது. முன்பின் தெரியாத, மிடுக்கான ஒரு நாயைக் கண்டதும் இடப்பக்கம் சாய்ந்தது. 2013-இல், வால் இப்படி ஒரு பக்கம் சாய்ந்து ஆடும் நாயின் காட்சிகளை வேறு நாய்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இடப்பக்க ஆட்டத்தைப் பார்த்த நாய்களின் இதயத்துடிப்பு ஏறியது. வால் ஆடினால் சந்தோஷம் என்று நாம் மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம், நாய்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

பஞ்சுவின் வெட்டிய வாலை நான் ஒட்ட முடியாது, முடியை வெட்டலாம். இரண்டாம் வாரம் ஒரு சனிக்கிழமை பஞ்சுவைத் தரையில் உட்கார வைத்து, நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் புருவத்துக்கு மேலே வளர்ந்திருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ஒரு கை முடிக்குப் பிறகு தேன் நிறத்தில் இரண்டு கண்கள் வெளியே வந்தன. லட்டு கிட்டே வந்து, தலையைச் சாய்த்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு முன் அவள் அப்படி நின்றதில்லை.

முதல் மூன்று நாள் அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இது எதிர்பார்க்க வேண்டியதுதான். அமெரிக்காவில் ஒரு காப்பகத்து நாய்களின் ரத்தத்தை 1990-களில் சோதித்தபோது, உள்ளே வந்த முதல் மூன்று நாட்களில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் அதிகமாக இருந்து, பிறகு இறங்கியது தெரியவந்தது. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: திகைப்பு அடங்க, வீட்டின் நடைமுறை பிடிபட, தன் வீடு என்று ஆக. இது அனுபவக் கணக்கு, ஆய்வுக்கூட முடிவு இல்லை. ஆனால் கார்ட்டிசால் ஏறியிருக்கும் நாட்களில் புதிய நாயைக் குளிப்பாட்டி, கடைக்குக் கூட்டிப்போய், சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டுவது தவறு என்பதற்கு அந்த ரத்தச் சோதனையே போதும்.

பூடில் வளர்ப்பவர்கள் இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. அடிசன் நோய் ஸ்டாண்டர்ட் பூடில்களுக்கு அதிகம் வருகிறது. அட்ரினல் சுரப்பியால் போதுமான கார்ட்டிசாலைச் சுரக்க முடியாது. பல நாய்களில் உடம்பின் உப்புச் சமநிலையைக் காக்கும் ஹார்மோனும் சேர்ந்து குறையும். அப்படிப்பட்ட நாய்க்கு வீடு மாறுவதே தாங்க முடியாத சுமையாகிவிடலாம். சோர்வு, வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு என்று அறிகுறிகள் வந்து வந்து போகும். "புது இடம், ஏக்கத்தில் இருக்கிறான்" என்று தள்ளிப்போடத் தோன்றும். மூன்று நான்கு நாளில் தெளியாவிட்டாலோ, நடுங்கித் தளர்ந்து விழுந்தாலோ மருத்துவரிடம் அடிசனைப் பற்றி நீங்களே கேளுங்கள். ரத்தச் சோதனையில் தெரிந்துவிடும், மருந்தோடு நல்லபடியாக வாழவும் முடியும். பஞ்சு நாலாம் நாள் தட்டைக் காலி செய்தான்.

சாப்பாடு இறங்கியதும் சேட்டை தொடங்கியது. 9 மாதம் என்பது நாய்க்கு விடலைப் பருவம். உடம்பு 20 கிலோ, நடத்தை குட்டியினுடையது. நியூகாசில், நாட்டிங்ஹாம், எடின்பரோ பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்து 2020-இல் வெளியான ஆய்வில், 8 மாத நாய்கள் "உட்கார்" என்றால் 5 மாதத்தில் கேட்ட அளவுக்குக் கேட்கவில்லை. அதுவும் வளர்ப்பவரிடம்தான் இந்த அடம்; வெளியாள் சொன்னால் கேட்டன. சோதித்தவை லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், அவற்றின் கலப்புகள். ஆனால் எங்கள் வீட்டுப் பூடிலும் அந்த வரைபடத்தில் அப்படியே பொருந்தினான். இந்த வயதில்தான் நிறைய நாய்கள் வீடு மாறுகின்றன என்பது வருத்தமான விஷயம். பருவம் கடந்து போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் பலர் பொறுத்திருப்பார்கள்.

ராணிக்கு மூட்டுவலி. பஞ்சு ஓடி வந்து அவள் மேல் தாவினான். ராணி விறைத்தாள். முகத்தைத் திருப்பினாள். மூக்கை ஒரு தடவை நக்கினாள். அவன் மறுபடி தாவியதும் அடித்தொண்டையிலிருந்து உறுமினாள். "ராணி, சும்மா இரு" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அது என் தவறு.

அந்த வரிசையைப் பாருங்கள். விறைப்பு, முகத்திருப்பல், மூக்கை நக்குவது, அப்புறம்தான் உறுமல். கடிக்காமல் இருப்பதற்காக நாய் செய்கிற வேலைகள் இவை. உறுமினால் திட்டு விழும் என்று கற்றுக்கொண்ட நாய் உறுமலை நிறுத்திவிடும். வலியும் எரிச்சலும் அப்படியே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் பல் இறங்கும். உறுமலுக்குள் நாம் நினைப்பதைவிட அதிகத் தகவல் இருக்கிறது. ஹங்கேரியின் புடாபெஸ்டில் ஓர் ஆய்வுக் குழு மூன்று வகை உறுமல்களைப் பதிவு செய்தது: எலும்பைக் காக்கும்போது, அந்நியரைக் கண்டபோது, விளையாடும்போது. எலும்பை நோக்கி வரும் நாய்க்கு, மறைவிலிருந்து இவற்றைப் போட்டார்கள். எலும்பைக் காக்கும் உறுமலைக் கேட்டபோதுதான் நாய்கள் பெரும்பாலும் பின்வாங்கின. "இது என்னுடையது" என்பதற்கும் "கிட்டே வராதே" என்பதற்கும் உள்ள வித்தியாசம் அவற்றுக்குக் காதிலேயே புரிகிறது.

அதற்குப் பிறகு ராணி உறுமினால் நான் பஞ்சுவைத்தான் கூப்பிட்டேன். குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்றைச் சமையலறை வாசலில் பொருத்தி, அவளுக்கென்று அவன் வர முடியாத ஓர் இடம் செய்தோம்.

லட்டுவோடு கதை வேறு. முன்னங்கால்களைத் தரையில் பரப்பி, பின்பக்கத்தைத் தூக்கி அவள் வணங்கினால் விளையாட்டுக்கு அழைப்பு. விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெக்காஃப் 1995-இல் காட்டியது இன்னும் நுட்பமானது. கவ்வித் தலையை உதறுவது போன்ற, தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடிய கடிகளுக்குச் சற்று முன்னும் பின்னும் நாய்கள் இந்த வணக்கத்தைப் போடுகின்றன. "இது விளையாட்டுதான்" என்று நடுநடுவே உறுதி சொல்வது போல. வணக்கம் இல்லாமல் துரத்தல் மட்டும் நீண்டுகொண்டே போனால் நாங்கள் இடையில் புகுந்து பிரித்துவிடுவோம்.

"யார் தலைவன் என்று அவங்களே தீர்த்துக்கொள்ளட்டும்" என்று சொன்னவர்கள் பலர். அந்தக் கருத்து 1947-இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷென்கெல், சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவியது. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா அம்மாவும் பிள்ளைகளும்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் எழுதினார்; அந்தத் தலைவன் கதையைப் பரப்பியதில் தன் பழைய எழுத்துக்கும் பங்கு உண்டு என்பதால் பிறகு பல தடவை திருத்திச் சொன்னார். ஒரே வீட்டில் சண்டையிடும் 38 ஜோடி நாய்களை ஆராய்ந்து 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 79 சதவீதம் ஒரே பாலின ஜோடிகள். இரண்டு பெண்கள் இருக்கிற வீட்டுக்கு ஆண் நாயைத் தேடியது அதனால்தான். சண்டைக்குப் பொறியாக இருந்தவை வீட்டாரின் கவனமும், வாசலில் மணி அடிப்பது போன்ற பரபரப்பும், சாப்பாடும்.

சாப்பாட்டுக்குத் திரும்பி வருகிறேன். ஸ்டாண்டர்ட் பூடிலுக்கு நெஞ்சுக்கூடு ஆழமானது. இப்படிப்பட்ட நாய்களுக்கு இரைப்பை வாயுவால் உப்பி, முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் இந்த நோய்க்காகத் தொடர்ந்து கவனித்த 11 இனங்களில் ஸ்டாண்டர்ட் பூடிலும் ஒன்று. பெரிய நாய்களில் வேகமாக விழுங்குவது அந்த ஆபத்தைக் கூட்டியது என்பது அவர்கள் கண்டது. பக்கத்தில் இன்னொரு நாய் நின்றால் பல நாய்கள் வேகமாகத்தான் விழுங்கும்.

பஞ்சு வந்து எட்டு மாதம் ஆகிறது. ராணி படுத்திருக்கும் பாயின் ஓரத்தில் அவனும் படுக்கிறான்; அவள் மூக்கை நக்கினால் எழுந்து கொஞ்சம் தள்ளிப் படுக்கிறான். தட்டுகள் மட்டும் இன்னும் மூன்று அறைகளில்தான். ராணிக்குச் சமையலறையில், லட்டுவுக்குக் கூடத்தில். பஞ்சுவின் தட்டில் நடுவே ஒரு கவிழ்த்த கிண்ணம். அதைச் சுற்றிச் சுற்றி நக்கித் தின்று முடிக்க அவனுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது.