காதால் கேட்கும் பட்டியல்

அரசுத் தளம் ஒன்றில், விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய 7 ஆவணங்களைப் போடுகிறார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சின்னக் கோடு, வரி முடிவில் வரியை முறிக்கும் பிஆர் குறிச்சொல். கண்ணால் பார்ப்பவருக்கு அது பட்டியல்தான். பார்வையற்றவருக்குத் திரையைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானோ அதைச் சாதாரண வரிகளாகப் படித்துக்கொண்டே போகும். எத்தனை ஆவணம், எங்கே முடிகிறது, எதுவும் தெரியாது.

திரைவாசிப்பான் படிப்பது திரையில் தெரிவதை அல்ல. பிரவுசர், பக்கம் எழுதப்பட்ட குறிமொழியான எச்டிஎம்எல்லை அலசி, எது தலைப்பு, எது இணைப்பு, எது பட்டியல் என்று குறித்து ‘அணுகல் மரம்’ ஒன்றைக் கட்டுகிறது. திரைவாசிப்பானின் கைக்கு வருவது அந்த மரம்தான். அதே ஆவணங்களை யுஎல் என்ற பட்டியல் குறிச்சொல்லுக்குள் வைத்து, ஒவ்வொன்றையும் எல்ஐ என்ற உருப்படியாக்கிப் பாருங்கள். பட்டியல் வருகிறது, 7 உருப்படிகள் இருக்கின்றன என்று முதலிலேயே சொல்லிவிடும். என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் எல் விசையை அழுத்தினால் அடுத்த பட்டியல், ஐ விசைக்கு அடுத்த உருப்படி. வேண்டாமென்றால் காற்புள்ளி விசை பட்டியலையே தாண்டவைக்கும்.

புள்ளிப் பட்டியலான யுஎல்லா, எண் பட்டியலான ஓஎல்லா? வரிசையை மாற்றினால் பொருள் கெடுமா என்று கேட்டாலே போதும். ரசத்துக்கான சாமான்கள் யுஎல், வைக்கும் முறை ஓஎல். எண்களைக் கையால் தட்ட வேண்டாம், பிரவுசரே போடும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் லிஸ்ட்-ஸ்டைல்-டைப் பண்புக்கு ‘தமிழ்’ என்ற மதிப்பை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் ௧, ௨, ௩ என்றே வரும். பலருக்குத் தெரியாத வசதி இது. அப்புறம், உள்பட்டியல் வைப்பதானால் அது எல்ஐக்குள் இருக்க வேண்டும். யுஎல்லுக்கு நேரடிப் பிள்ளையாக இன்னொரு யுஎல் வரக்கூடாது.

சரி, எல்லாம் முறையாக எழுதியும் ஐபோனில் பட்டியல் காணாமல் போவதுண்டு. புள்ளி அழகாக இல்லையென்று லிஸ்ட்-ஸ்டைலை ‘நன்’ (எதுவும் வேண்டாம்) ஆக்கினால், சஃபாரியில் ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் அதைப் பட்டியல் என்று சொல்வதில்லை. இது பிழையல்ல, சஃபாரியின் இயந்திரமான வெப்கிட்டை உருவாக்கும் குழு தெரிந்தே எடுத்த முடிவு. கண்டதையெல்லாம் பட்டியலாக்கும் பழக்கம் பெருகி, கேட்பவர்களுக்கு அது தொல்லையானதுதான் காரணம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. வழிசெலுத்தலுக்கான நாவ் உறுப்புக்குள் இருக்கும் மெனுக்களுக்கு இந்தத் தடை கிடையாது. மற்ற இடங்களில், எண்ணிக்கை தெரிந்தால் கேட்பவருக்கு உதவும் என்று தோன்றினால் மட்டும், யுஎல்லில் ரோல் பண்புக்கு ‘லிஸ்ட்’ என்று கொடுங்கள். புள்ளி இல்லாமலே பட்டியல் திரும்ப வந்துவிடும்.